வரம்புக்குள்

முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்காலில்
முதல் போத்தலை நிரப்பிய ஆண்டு
எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.
எண் வரும், எழுதுவேன், நிற்பாட்டுவார்கள்.

இருபத்தாறு வருசம்.
ரெஜிஃபோம் பெட்டி, முப்பத்திரண்டு போத்தல்,
பேராதனை போய்ச் சேரும்வரை
ஐஸ் உருகாமலிருக்க
கொண்டக்டரிடம் கெஞ்சல்.
புளியங்குளச் சாவடியில் ஒரு பொடியன்
போத்தலை வெயிலுக்கு உயர்த்தி
"இதென்ன மருந்து?" என்றான்.
தெரியாது தம்பி,
அதைத்தான் பார்க்கக் கொண்டுபோறன்.

அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.
வெடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்கும் மருந்து,
எரிபந்தத்துக்கு அடிப்பதும் மருந்து.
மருந்து குடிச்சிட்டான் என்று
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி வருவார்கள்.
எந்த மருந்து என்று கேட்டதற்கு
ஒரு தாய் என்னை வெறித்துப் பார்த்தாள்.
பச்சை மூடி, என்றாள்.

அந்த மூடியால்தான் அளப்பதும்.
டாங்கிக்கு மூன்று மூடி, புழு கூடினால் ஐந்து.
"உங்கட கணக்கு புழுவுக்குத் தெரியாது மிஸ்"
என்று சிரித்த புவிராசா
டாங்கியை வாய்க்காலில்தான் கழுவினான்.

என் அறிக்கைக்குப் பிறகு
ஒரு பெயர் தடைப்பட்டது.
கந்தோரில் கேக் வெட்டினோம்.
அடுத்த போகம் ஒட்டுசுட்டான் கடையில்
அதே தட்டில் நீல மூடி.
ஆனாலும் அந்த வருசம்
வார்டில் பதினொரு கட்டில் நாலாகியது.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.
சில இரவுகளில் அந்த ஏழை
விரல்விட்டு எண்ணிப் படுக்கிறேன்.

இன்று கிருபைமலரின் கிணறு.
இரத்தம் சுத்திகரிக்கப் புருசன்
கிழமைக்கு இரண்டு நாள் பஸ் ஏறுகிறான்.
என் தாளில்: வரம்புக்குள்.

"அப்ப குடிக்கலாமோ?"

வரம்பு அவளுக்கு
மழைக்கு முன் மண் அணைத்துக் கட்டுவது,
நண்டு துளைப்பது,
எவ்வளவு மிதித்தாலும் அடியால் கசிந்து
பக்கத்து வயலுக்குப் போவது.
எனக்கு லீற்றருக்கு மூன்று மைக்ரோகிராம்.
அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாம்.
மிஞ்சாத அளவை
நாற்பது வருசம் குடித்தவனுக்குப்
பழமொழி இல்லை.

பேனையைத் திறந்தேன். மூடினேன்.
மழைத்தண்ணி பிடிச்சு வைக்க
ஏதும் இருக்கோ, என்று கேட்டேன்.

உள்ளே போனாள்.
நீல மூடி போட்ட கானோடு வந்தாள்.
"வடிவாக் கழுவினதுதான்," என்றாள்.
"மூன்று தரம்."