இருபது விநாடி

வால்டிவியாவில் ஜூன் முழுக்க மழை.
விறகடுப்பைச் சுற்றி ஈரக் காலுறைகள்.
நான் எழுதிய விளையாட்டைப்
பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கக்
கடைசி பெஞ்சில் குந்தியிருக்கிறேன்.

படகில் உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும்.
முக்கால் மூட்டை, அரைக்கால் மூட்டை;
கூடிப்போனால் படகு முங்கும்.
விரல் இருபது விநாடி அசையாவிட்டால்
ஆர்வம் வடிந்துவிட்டதாகக் கணக்கு.
கடல்சிங்கம் ஒன்று தலைதூக்கி
‘உதவட்டுமா?’ என்னும்.
இரண்டு முறை விரட்டிவிட்டு
மறுபடியும் சும்மா இருந்தால்
ஐந்து மூட்டை இரண்டாகும்.
இருபது என்று போட்டது நான்தான்,
ஒரு வெள்ளிக்கிழமை, பசியில்.

யானிரா தட்டிக்கொண்டே இருக்கிறாள்.
தொப்பையில் தட்டினால் கடல்சிங்கம் ஏப்பம் விடும்.
அதுவும் என் வேலைதான்.
நாற்பத்தோரு ஏப்பம்.
படகு எப்போதோ முங்கிவிட்டது.
என் திரையில் அவள் கோடு
பச்சைப் பசேலென்று ஏறுகிறது:
முழு ஈடுபாடு.

அவுக்கான் கைகளைத் தொடைக்கடியில் வைத்திருக்கிறான்.
உதடு மட்டும் அசைகிறது.
கடல்சிங்கம் வந்தது. மூடினான்.
வந்தது. மூடினான்.
மூட்டைகள் இரண்டாயின.
பலகையை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.
“எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்.”
யாரிடமும் சொல்லவில்லை, மேசையிடம்.

அவன் கோடு சிவப்பு.

ஒத்தீலியா டீச்சர் அடுப்பில் விறகைத் தள்ளினார்.
“சூப் ஆறின பிறகுதான் அவன் கரண்டியையே எடுப்பான்.”

சாயங்காலம் ஆற்றோர மீன்சந்தை.
நிஜக் கடல்சிங்கங்கள் படிக்கட்டில் புரண்டு கிடந்தன.
ஒரு பெண் மீன்தலையை வீசினாள்.
எல்லாம் பாய்ந்தன, ஒன்றைத் தவிர.
அது ஒற்றைக் கண்ணைத் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது.
குடைக்குள் நின்றேன்.
எத்தனை விநாடி என்று தெரியாது.

இரவு இருபதை அழித்தேன். அறுபது. அழித்தேன்.
தொண்ணூறு.
பிள்ளைக்கு ஒரு எண் என்றால்
அந்த எண்ணை யார் சொல்வது?
விடியும்போது விலங்கின் வாயைத்தான் அடைத்தேன்.
இனி அது பேசாது.
வரும், படகுத்துறையில் முதுகைக் காட்டிப் படுக்கும்.
பக்கத்தில் ஒரு வாளி மீன்.
உதவி வேண்டுவோர் ஒன்று எடுத்துப் போடலாம்.

வியாழக்கிழமை.
யானிரா மணியடித்ததும் வாளியைக் காலிசெய்துவிட்டாள்.
அவுக்கான் ஒன்பது நிமிடம்.
ஐந்து மூட்டையும் கரையிலேயே.
என் மடியில் என் விரல் துடிக்கிறது.
பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினான்.
படகு ஒரு முறை ஆடியது, நின்றது.

அதன் பிறகுதான்
வாளியிலிருந்து ஒரு மீனை எடுத்துப் போட்டான்.
“பசிக்கும்ல. தின்னு.”

என் திரை எழுதிக்கொண்டது:
உதவி கோரப்பட்டது.