பதினேழு கிலோமீட்டர் நானூறு மீட்டர்

தென்காசி எக்ஸ்சேஞ்சில் மீட்டர் காட்டிய தூரம் அது.
அங்கேதான் வெளிச்சம் நிற்கிறது.
டேப் பிடித்துப் பார்த்தால்
எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை,
அந்தப் பக்கம் மறுமுனை.

பாலத்துக்குக் குழி எடுத்த ஜேசிபி
ஆரஞ்சுக் குழாயை வேர் என்று நினைத்து
இழுத்திருக்கிறது.

யார் எல்லையில் அறுந்தது என்று
இரண்டு ஆபீசும் இரண்டு நாள் கடிதம் எழுதின.
(கடிதம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள்.)
அதற்குள் புளியரைச் சாவடியில்
கம்ப்யூட்டர் வெள்ளையாகி
எம்சாண்ட் லாரிகள் ஒன்றரை மைல் நின்றன.
ஆரியங்காவில் ரேஷன் மெஷின் விரல்களை மறந்தது.
வேலத்தாயின் கட்டைவிரலைத்
துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார்களாம்.

மூன்றாம் நாள் எங்களை அனுப்பினார்கள்.
இங்கிருந்து நான், காண்டிராக்ட்.
அங்கிருந்து ரெஜிமோன், அவனும்.
எனக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி, அவனுக்கு ஏழு.
அந்த வகையில் அவன் மாநிலம் முன்னணி.

தார்ப்பாய்க்கு அடியில் இருபத்து நான்கு இழை.
எனக்கு நீலம், அவனுக்கு நீல. பச்சை இருவருக்கும் பச்சை.
பழுப்பை மட்டும் தவிட்டு என்கிறான்.
மாட்டுத் தொட்டி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்;
கை ஆடி, இழை ஒடிந்தது.
மறுபடி சீவி, ஸ்பிரிட்டில் துடைத்து,
மூச்சைப் பிடித்து
மெஷினுக்குள் முனைகளை வைத்தால்
ஒரு பொடி மின்னல்.
இழப்பு: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
என் கல்யாணத்தில்கூட
இவ்வளவு குறைச்சலாய் நஷ்டம் ஆனதில்லை.

மழை அந்தப் பக்கமிருந்து வந்தது,
சாவடியில் நிற்காமல்.
ஏதோ லாரியில் நெல்லை வானொலி
உரவிலை சொல்லிக்கொண்டிருக்க
வளைவில் மலையாளம் ஏறி உட்கார்ந்தது.

உள்ளே ஓடுகிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.
பார்க்கவும் கூடாது, கண் போய்விடும்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
பதினாறு வருடமாகத்
தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

பெட்டி முறுக்கி, குழி மூடியாயிற்று.
சரியாகிவிட்டது என்று சொல்ல வேண்டும்.
இங்கே டவர் எடுக்காது.
அவன் கோட்டவாசல் பக்கம் நடந்தான்,
நான் எஸ் வளைவுக்கு இறங்கினேன்,
ஒரு கோடு சிக்னலுக்காக.
ஈரக் கையில் செல் கேட்க மாட்டேன் என்றது;
மூன்றாவது தடவை போயிற்று.

கேக்குதா, ரெஜி?

முதலில் இரைச்சல்.
அப்புறம், நாங்கள் ஒட்டிய இழை வழியாகத்தானா
என்று சத்தியம் செய்ய முடியாது:

கேள்க்காம், அண்ணா. பறயு.

சொல்ல என்ன இருக்கிறது.
பாக்கி எதுவும் ஏறியிருக்கிறதா என்று கேட்டேன்.