கடலில்லாத நாட்டின் நீதிபதி

இன்று ஹெர்மீனியா ஓவெலார் அங்கி மாட்டவில்லை.
கழுத்துச் சரிகைக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்த ரெயின்டர்
அங்கியறை வாசலில் நின்று பார்த்தான்:
பார்வையாளர் வரிசையில் நிற்கிறாள்.
ஒன்பது வருடம் யாரும் திறக்காத கைப்பையைத்
திறக்கச் சொன்னது காவல்.
பசுக்கொம்புக் குவளையை எடுத்து
ஓரமாய் வைத்துவிட்டு டோக்கன் கொடுத்தார்கள்.
எண் 112.
த ஹேக்கில் மழை.

இரண்டு நாடுகள், நடுவே ஒரு வளைகுடா,
அதற்குள் நெத்திலி.
நாற்பத்தொரு வருடம் முன்பு சமரசத்துக்கு ஆள் தேடியபோது
'கடலே இல்லாதவனைக் கூப்பிடுங்கள்,
அவனுக்கு ஆசை இருக்காது' என்று யாரோ சிரிக்க,
பராகுவேயிலிருந்து ஒரு தூதர் கிளம்பினார்.
கோப்புகளைச் சுமந்துகொண்டு பின்னால்
மூன்றாம் செயலாளர் ஒருத்தி.

மான்டெவீடியோ. விடுதியின் ஆறாம் மாடி.
நான்காம் இரவும் அதே இடத்தில் தட்டியது பேச்சு:
யாருடைய நீர்?
மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றியிருந்த அவள்
பென்சிலால் ஒரு சொல் எழுதித் தூதரிடம் நீட்டினாள்.
நுவெஸ்த்ராஸ்.
இவர்கள் 'எங்கள்' என்று வாசித்தார்கள்.
அவர்களும் 'எங்கள்' என்றே வாசித்தார்கள்.
எல்லோரும் எழுந்து கைகுலுக்கி
விடியுமுன் தூங்கப் போனார்கள்.

அவள் வீட்டுப் பேச்சு குவரானி.
அதில் இரண்டு கதவு.
கேட்பவரை வெளியே நிறுத்திச் சாத்த ஓரே,
உள்ளே இழுத்துக்கொள்ள ஞாண்டே.
ஸ்பானியத்தில் ஒன்றுதான், அதுவும்
ஒருக்களித்தே கிடக்கும்.
அந்த இடுக்கில் நடந்தது அவள் உத்தியோகம்.

விருந்தில் யார் பக்கத்தில் யார் என்று
எழுதியிருக்கிறாள்.
தளபதியின் ஆட்சியில், ஒரு மாணவனைப் பற்றிக் கேட்டு
ஜெனீவாவிலிருந்து வந்த கடிதத்துக்கு
'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதிலும்
எழுதியிருக்கிறாள்.
கவனித்தது யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை.
அந்த நகல் இன்னும் அவளிடம் இருக்கிறது.
யாருக்கும் காட்டியதில்லை, கிழிக்கவும் இல்லை.

பிறகு நியூயார்க்கில் வாக்கெடுப்பு, மலர்க்கொத்து, அங்கி.
அறுபது வயதுக்கு மேல் புதுத் தொழில்:
இருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகும் சொல்லைத்
தேடித் தேடிப் பழகிய கை
ஒருவர் மட்டுமே கொண்டுபோகக்கூடிய சொல்லை
எழுதக் கற்றது. முதல் வருடம்
கையெழுத்தே மாறிவிட்டது.

போன மார்ச்சில் இந்த வழக்கு வந்தது.
விலகல் கடிதம் மூன்று வரி.
'உடன்படிக்கையில் உங்கள் கையெழுத்து இல்லையே' என்றார் தலைவர்.
'பென்சில் என்னுடையது.'

இப்போது மாடத்தில், தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை.
கீழே வழக்கறிஞர்கள் அந்த ஒற்றைச் சொல்லை
இரண்டு மணி நேரமாய் நெத்திலி ஆய்வதுபோல் ஆய்கிறார்கள்.
இலக்கணப் பேராசிரியர் ஒருவரையே
விமானத்தில் வரவழைத்திருக்கிறார்கள்.
திரையில் இணைப்பு நாற்பத்து நான்கு:
பழுப்புத் தாள், சாய்ந்த எழுத்து, ஆள் உயரத்துக்கு.
'இது யாரோ ஒரு எழுத்தருடைய கிறுக்கல்' என்றார் வழக்கறிஞர்,
'இதற்கு எடை இல்லை.'
அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.
'ஸ்'ஸின் வாலை அப்போதே
அப்படித்தான் இழுத்திருக்கிறாள்.

பக்கத்தில், ஓர் இருக்கை தள்ளி, கனத்த கம்பளிச்சட்டைக்காரி,
மீனவர் சங்கத்துச் செலவில் வந்தவள்.
விரல்களில் வலைக்கயிறு அறுத்த வெள்ளைத் தழும்புகள்.
எந்தக் கரையைச் சேர்ந்தவள் என்று
பேச்சில் தெரியவில்லை. இரு கரைக்கும் ஒரே பேச்சு.
காதில் மாட்டிய கருவியைக் கழற்றிவிட்டு
மெல்லக் குனிந்து கேட்டாள்:

'ஜெயிக்கிறோமா?'

யார் யார் என்று சொல்லாமல்
வினைச்சொல்லுக்குள்ளேயே ஆள் இருந்தது.

ஹெர்மீனியாவுக்குப் பதில் வரவில்லை.
இடையிலிருந்த காலி இருக்கையிலிருந்து
தன் கைப்பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.