மூன்று நிமிடம்

என் வேலை விளக்கு.
பச்சை என்றால் பேசலாம்.
மஞ்சள் என்றால் முடித்துக்கொள்ள வேண்டும்.
சிவப்பு என்றால், நன்றி, அடுத்தவர்.
பத்தொன்பது வருஷமாகக் கல்வி வாரியத்தின் மேஜையோரம் உட்கார்ந்து
அடுத்தவர் நேரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய பொருள்: ஹெம்லாக் ரன் பள்ளியை மூடுவது.
மேற்கு வர்ஜீனியாவில் இது புதுச் செய்தி இல்லை.
சுரங்கம் போனது. சுரங்கத்தோடு ஆட்கள்,
ஆட்களோடு பிள்ளைகள்.
தலைக்கு இவ்வளவு என்று வந்த பணம்
தலைகளோடு போனது.
போகாமல் நின்றது கொதிகலன் மட்டும்.
ஜனவரியில் அதுவும் நின்றது.

முதலில் டெல்மர் ஹாஸ்கின்ஸ், பேருந்து ஓட்டுநர்.
எழுதி எடுத்து வந்த தாளை அவர் பிரிக்கவே இல்லை.
"புதுத் தடத்துல முதல் பிள்ளையை
அஞ்சு அம்பதுக்கு ஏத்தணும்.
ஆறு வயசு. தூங்கிக்கிட்டேதான் வரும்.
மலையில எழுபத்திரண்டு வளைவு, எண்ணியிருக்கேன்.
எந்த வளைவுல வாந்தி எடுக்கும்னும் தெரியும்."
சிரித்தார்கள்.
மஞ்சள் எரிவதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து ரோவீனா ஸ்டில்ட்னர், கணக்கு டீச்சர்.
வார இறுதி இரவுகளில் டாலர் கடையில் பில் போடுகிறவர்.
போன சனிக்கிழமை எனக்கு நாய்த் தீனி விற்றார்,
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
இன்று என் பக்கம் பார்க்காமல் பேசினார்:
இயற்பியலுக்கு ஆள் கிடைத்து மூன்று வருஷமாகிறது.
வேறு மாநிலத்திலிருந்து ஒருவர் திரையில் வருகிறார்.
பிள்ளைகள் கை தூக்கினால் அவருக்குத் தெரியாது.
தெரியாது என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.
ஆனாலும் தூக்குகிறார்கள், அப்புறம்
சிவப்பு.
"நன்றி, அடுத்தவர்" என்றேன்.
குரல் என்னுடையதுதான்.

கிளைட் ஆர்பா எழுந்தார். பிள்ளைகுட்டி இல்லாதவர்.
"என் பென்ஷன்லயா பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடணும்?"
யாரோ சீ என்றார்கள்.
அவர் வீட்டுக் கூரைமேல்
இரண்டு குளிர்காலமாக நீலத் தார்ப்பாய் கிடப்பது
சீ என்றவர்களுக்கும் தெரியும்.

கடைசியாக டெஸா வார்னிக். இருபது வயது.
ஒலிவாங்கி உயரமாக இருந்தது, இறக்கத் தெரியவில்லை,
எக்கி நின்று பேசினாள்.
"இங்கேயே டீச்சரா வரணும்னுதான்
பல்கலைக்கழகம் போனேன்.
ரெண்டாம் வருஷம் எங்க துறையை அடைச்சாங்க.
மின்னஞ்சல்ல சொன்னாங்க, ஒரு பத்திதான்.
ஊருக்கு வந்தேன்.
நீங்க பள்ளிக்கூடத்தை அடைக்கிறீங்க.
நான் அடைக்க வேண்டியது
இருபத்தோராயிரம் டாலர் கடன்."

அவ்வளவுதான்.
பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
உட்காருவாள் என்று பார்த்தோம்.
உட்காரவில்லை.
தலைவர் என்னைப் பார்த்தார்.
விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம்:
பேசாமல் நிற்கக் கூடாதென்று எங்கும் இல்லை.
அவள் குதிகால் இறங்கவில்லை.
டெல்மர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
பின்வரிசையில் ஒரு குழந்தை
"முடிஞ்சுதா?" என்று கேட்டது.
அதன் அம்மா பதில் சொல்லவில்லை.
மஞ்சள்.
சிவப்பு.
நன்றி சொல்ல மறந்தேன்.
அடுத்தவர் யாரும் இல்லை.

மூட மூன்று கை, வேண்டாமென்று இரண்டு.
எல்லாரும் கார்களைக் கிளப்பிய பிறகு
கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.
பேசியவர் பெயர், பொருள், எடுத்துக்கொண்ட நேரம்.
ஹாஸ்கின்ஸ், இரண்டு நிமிடம் பத்து நொடி.
ஸ்டில்ட்னர், மூன்று நிமிடம், நிறுத்தப்பட்டார்.
ஆர்பா, நாற்பது நொடி.

வார்னிக்.
பேனாவை மூடினேன், திறந்தேன்.
அவள் சொன்னது அரை நிமிடம் இருக்கும்.

மூன்று நிமிடம் பேசினார்
என்று எழுதினேன்.