லாபம்

சார்ஜென்ட் அவென்யூவில் டயர் கடைக்கு மேலே
அவர்களுடைய தியான அறை.
கீழே சக்கரத் திருகுகள் கழலக் கழல
மேலே பன்னிரண்டு முதுகுகள் நிமிர்ந்திருக்கும்.
அதில் ஒன்று தார்கா மெல்னிச்சுக்.
பகலில் கர்லிங் கிளப்புக்குக் கணக்கு எழுதுகிறவள்,
இரவில் இசை எழுதுகிறவள்.
இரண்டுக்கும் ஒரே பென்சில்.

முப்பது வருடமாக மூச்சை எண்ணுகிறாளாம்,
ஒன்றிலிருந்து பத்து வரை.
நடுவில் ஒரு நினைப்பு வந்தால் திரும்ப ஒன்று.
ஏமாற்றக் கூடாது. திட்டிக்கொள்ளவும் கூடாது.
பத்தை எத்தனை முறை தொட்டிருக்கிறாய் என்றேன்.
பேரேட்டைப் புரட்டுவதுபோல் யோசித்து
"போன மார்ச்சில், ஒரு முறை" என்றாள்.

அதையே எங்கள் ஆறு பேருக்கும் எழுதித் தந்தாள்.
ஆளுக்கு ஒரே ஒரு தாள்.
பத்து எண்கள், எண்ணுக்கு ஒரு சுரம், சுரத்துக்கு ஒரு மூச்சு.
நினைவு நழுவினால் முதல் சுரத்துக்குத் திரும்ப வேண்டும்.
யாராவது ஒருவர் பத்தைத் தொட்டால்
முடிந்தது.

முதல் ஒத்திகையில் நான்கே நிமிடத்தில்
ரோலன்ட் டியூபாவைக் கீழே வைத்தான்.
பத்தாம்.
ஏழு மணிக்கு அவனுக்கு ஹாக்கி ஆட்டம் என்பது
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
தார்கா எழுந்து, கைகூப்பி,
இடுப்புவரை குனிந்து அவனை வணங்கினாள்.
அதில் கிண்டல் இல்லை. அதுதான் கொடுமை.
காது சிவக்க
டியூபாவை மறுபடி மடியில் ஏற்றிக்கொண்டான்.

மனதைக் குரங்கு என்பார்கள்.
என்னுடையது மரம் ஏறாது, வீட்டைவிட்டே நகராது.
நான்காம் மூச்சில், காருக்கு ஹீட்டர் வயரைச் செருகினாயா என்னும்.
ஆறில், ஊறப்போட்ட உளுந்து.
கிளாரினெட்டுக்குள் என் மூச்சு
ஒன்றாம் வகுப்பிலேயே தாடி முளைத்தவனாய்
உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் கடுப்பில் சொன்னேன்:
எங்களில் நெல் அளப்பவர்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள்.
முதல் மரக்காலைக் கொட்டும்போது லாபம் என்பார்கள்.
பிறகுதான் இரண்டு, மூன்று.
தார்காவின் பென்சில் நின்றது.
"கணக்குத் தவறி, மறுபடி தொடங்கினால்?"
மறுபடி லாபம்தான்.
ரப்பரை எடுத்தாள்.
ஆறு தாள்களிலும் ஒன்றை அழித்து
அந்த இடத்தில் நான் சொன்ன சொல்லைத்
தன் எழுத்தில், தப்பாக, எழுதினாள்.

பிப்ரவரி. செயின்ட் போனிஃபஸில் ஒரு சின்னத் தேவாலயம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நாற்பது பேர் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.
அவர்களுக்குக் கேட்டது பெரும்பாலும் முதல் சுரம்தான்.
வயோலாவில் அது ஒரு முறை, செல்லோவில் இரண்டு முறை,
டியூபாவில், பாவம், ஓயாமல்.
ஆறு பேரும் வெவ்வேறு நேரத்தில்
ஒரே வாசலுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம்.
நான் பராக்குப் பார்ப்பது ஊருக்கே கேட்கிறதே என்று
வெட்கமாக இருந்தது.
பிறகு வெட்கமும் அலுத்துவிட்டது.

ஒருமுறை எட்டைத் தாண்டினேன்.
ஒன்பது.
ரேடியேட்டர் டக்கென்றது. ரேடியேட்டர், அவ்வளவுதான்.
மூச்சு உள்ளே வந்தது.
அடுத்தது பத்து என்று
நினைத்தேன்.

லாபம்.

யாரும் பத்தைத் தொடவில்லை.
ஐம்பத்திரண்டாம் நிமிடம் தேவாலயக் காவலர்
சாவிக்கொத்தோடு வந்து தூணருகே நின்றார்.
ஒவ்வொருவராக நிறுத்தினோம்.
கடைசிவரை போனவன் ரோலன்ட்.
அவன் எந்த எண்ணில் இருந்தான் என்று
தார்கா கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

காரில் துஷ்யந்தன் சொன்னான்:
"நீ இருபத்திரண்டு தடவை திரும்பிப் போனாய்.
எண்ணினேன்.
அப்படி எதைத்தான் நினைத்தாய்?"
உன்னை என்று சொல்லியிருக்கலாம்.
மூன்று தடவைக்கு அது உண்மையும்கூட.
எங்கள் இருவர் மூச்சும் கண்ணாடியில் உள்பக்கமாக உறைந்திருந்தது.
பழைய நூலக அட்டையால் சுரண்டிக்கொண்டே கேட்டேன்:
எண்ணும்போது நீ ஒரு தடவையும் தவறவில்லையா?

புரோவென்ஷர் பாலம் தாண்டும்வரை
அவன் பதில் சொல்லவில்லை.