துருப்பிடி

ஏப்ரல் கடைசி. பிராட்ஃபோர்டின் கறுப்பு மண்
இன்னும் சப்பாத்தைக் கழற்றி வாங்கிக்கொள்கிறது.
கொட்டகைக் கதவை இழுத்தேன்.
ஐந்து மாதம் தூங்கிய இருபத்தாறு குதிரை
ஒரே திருப்பில் எழும்பியது. புகைகூட இல்லை.
கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினேன்.
கறகறவென்று பல்லைக் கடித்தது.

அது எனக்குப் பழகிய சத்தம்.
கிழமையில் ஐந்து நாள் நியூமார்க்கெட்டில்
நித்திரையில் பல் கடிப்பவர்களுக்கு
உறை வார்க்கிற வேலை.
அவர்களின் அச்சு என் மேசைக்கு வந்துவிடும்.
இதற்கு நான்தான் குப்புறப் படுக்க வேண்டும்.

குகதாசன் தொலைபேசியில்:
"நடுவால பிரிக்கவேணுமாம்.
ரெண்டாயிரத்து நானூறு. கூலி மட்டும்."
கொஞ்சம் பொறு என்றேன்.

முதலில் மிதி. மகளின் அடிமட்டத்தால் அளந்தேன்:
சும்மா ஆடும் தூரம் ஒரு அங்குலம். சரி.
இழுகம்பியின் ஆணி தேயவில்லை.
மூன்றாம் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினேன்.
மிதி தரையோடு கிடக்க, அது முன்னால் துள்ளிப்
பசளை மூட்டையில் முட்டிச் செத்தது.
ஆக, பிடிக்காத நோய் இல்லை.
விடாத நோய்.

வயிற்றுக்குக் கீழே ஒரு சின்னத் துளை உண்டு,
எண்ணெய் கசிந்தால் அங்கேதான் சொட்டும்.
கம்பி விட்டுக் குடைந்தேன்.
ஈரமே இல்லை. செங்கல் நிறத்தில் தூள்.
நிமிர்ந்து பார்த்தேன்:
நேர் மேலே, நவம்பரில் ஒழுகிய கூரை,
தைப்பம் என்று இருவரும் சொன்ன கூரை.

மூட்டையை இழுத்தெறிந்து கதவை அகலத் திறந்தேன்.
என்ஜின் சூடாக அரை மணி.
இரண்டு பிரேக்கையும் சேர்த்துக் கொளுவி,
நிறுத்தி, கியரில் வைத்தே கிளப்பினேன்.
கிளட்ச் முழுக்க அமுங்கிக் கிடக்க
அதற்கென்ன என்று ஓடியது வயலுக்குள்.
வெங்காயப் பாத்தி ஓரம் ஓங்கி ஒரு பிரேக்.
செத்தது.
மறுபடி. செத்தது.
மூன்றாவதில் நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
நாலாவதில்

டொக்.

பெரிய சத்தமில்லை,
பூட்டொன்று மனம் மாறினது போல.
சக்கரம் நின்றிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

காலை எடுக்கப் பயம். தொடை நடுங்கும்வரை
அப்படியே இருந்தேன்.
பக்கத்து வயலில் கரட் விதைக்கிறவன்
கை காட்டிக் கேட்டான், உதவி வேணுமா என்று.
வேண்டாம் என்று காட்டவும் கை வரவில்லை.

குகதாசனுக்கு இன்னும் சொல்லவில்லை.
அந்த ரெண்டாயிரத்து நானூறு
இன்று ஒரு நாள் என் பையில் கிடக்கட்டும்.

மரத்துண்டொன்றை அறுத்து
அமுக்கிய மிதிக்கும் இருக்கைக்கும் நடுவே
முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். அளவாய் நின்றது.
கழற்றி ஆணியில் மாட்டுமுன்
தடித்த பேனையால் அதில் எழுதினேன்:
நவம்பர். மறக்காதே.
பிறகு, இடம் மிச்சமிருந்ததால்,
கூரையும்.