தவணைக்கு ஒரு வால்வு

கீழக்கரையில் பூட்டிக் கிடந்த வீடொன்றைக் காலி செய்தார்கள்.
சஹன் தட்டுகளோடும் தையல் மிஷினோடும்
பழைய கடைத் தராசில் ஏறியது அந்த ரேடியோ.
ஜெர்மனிப் பெட்டி, கொழும்பு வழியாக வந்ததாம்.
பல்வரிசை போல வெள்ளைப் பொத்தான்கள்,
முன்பல் ஒன்று இல்லை.

அபுதாகிர் இரண்டு விலை சொன்னார்.
உடைத்தால் செம்பு முக்கால் கிலோ, தகரம், அலுமினியம்,
எல்லாம் சேர்த்து எண்ணூறு.
உடைக்காவிட்டால் இரண்டாயிரத்து நானூறு.
காரைக்குடியில் ஒருத்தர் கேட்டு வைத்திருக்கிறாராம்,
குடலை உருவிவிட்டு உள்ளே கடிகாரம் மாட்ட.

நான் மண்டபத்தில் ஐஸ் கம்பெனி ஆபரேட்டர்.
சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அமோனியா.
அன்றைக்குப் பையில் இருந்தது நானூற்று அறுபது,
அதில் அறுபது பஸ்ஸுக்கு.

"வால்வு ஆறு. தவணையும் ஆறு.
பெட்டிய இப்பவே தூக்கிட்டுப் போங்க.
மாசம் ஒரு நானூறு, மாசம் ஒரு வால்வு.
பாடுற வால்வு கடைசியிலதான்."
வட்டி வாங்க மாட்டேன், அது ஹராம் என்றார்,
வால்வுகளை மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டே.

கண்டக்டர் அதற்கும் அரை டிக்கெட் போட்டார்.

முதல் வால்வைப் பஞ்சில் சுற்றி
வளையல் பெட்டியில் வைத்தாள் நம்புச்செல்வி.
கணக்கு நோட்டில் 'மருந்து 400' என்று எழுதினாள்,
அவள் தம்பி நோட்டைப் புரட்டுகிறவன் என்பதால்.
அடுத்த மாதமும் மருந்து.
மூன்றாம் மாதம் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு
அக்காவுக்கு என்ன நோய் என்று கேட்டான்.

உப்புக்காற்றுக்குத் தவணை தெரியாது.
ராத்திரியோடு ராத்திரியாக
பித்தளைப் பின்களில் பச்சை பூசிவிட்டுப் போகும்.
பழைய பல் பிரஷ், மண்ணெண்ணெய், தேங்காய் நார்.
மெழுகு உருகிய கண்டன்சர்களை வெட்டி எறிந்தேன்.
புதுசுக்குக் காசில்லை.
செத்துப்போன சிஎஃப்எல் பல்புகளின் அடிவயிற்றில்
நானூறு வோல்ட் தாங்கும் ஒன்று இருக்கும்.
ரயில்வே காலனிக் குப்பையில் நான் குனிந்து நிற்பதைக் கண்டு
சூப்பர்வைசர் சைக்கிளை மறுபக்கம் திருப்பினார்.

ஆறாவதும் வந்தது.
பூட்டினேன், போட்டேன்.
வால்வுகள் அணையப்போகும் பீடி போல் சிவந்தன.
உர்ரென்று ஒரு சத்தம், வேறொன்றுமில்லை.
மீட்டர் வைத்துப் பார்த்தால் நூற்று அறுபத்தெட்டு.
ஸ்டெபிலைசர் விலையோ ரேடியோவை விட அதிகம்.

தெருவின் கரண்டைத் தின்பது எது என்று
மின்வாரியத்துக்கு எழுதிப் போட வேண்டியதில்லை.
நான் ஓட்டும் கம்ப்ரசர்தான்.
என் ஷிப்ட் முடிந்தால் சூசைராஜ் ஓட்டுவான்.
படகு போனால் ஐஸ், ஐஸ் ஓடினால் சம்பளம்,
சம்பளம் வரும் வீட்டில் வோல்டேஜ் இல்லை.

ஏப்ரல் பாதியில் தடைக்காலம்.
விசைப்படகுகளைக் கட்டிப் போட்டார்கள்.
கம்பெனி நின்றது. அறுபத்தொரு நாளைக்கு அரைச் சம்பளம்.
அன்றிரவு மீட்டரில் இருநூற்று முப்பத்திரண்டு.

முதலில் தூசி கருகும் வாசம்.
பிறகு பச்சைக் கண் திறந்தது.
முள்ளை நகர்த்த நகர்த்த அது சுருங்கி
ஓரிடத்தில் இமை சேர்ந்தது.
ஒரு பெண், சிங்களத்தில்.
பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி,
எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

"நண்டு விலை சொல்றாளோ?" என்றாள் நம்புச்செல்வி.
இருக்கலாம்.
ஒவ்வொன்றைச் சொன்ன பிறகும் கொஞ்சம் நிறுத்துகிறாள்,
கேட்டவர் திகைப்பதற்கு இடம் விடுவது போல.

பாசி எடுக்கப் பாறையில் கிழிந்த விரல்களை,
துணிக்கட்டை அவிழ்த்துவிட்டு,
பெட்டியின் சூடான தலையில் வைத்தாள் அவள்.
எடுக்கவில்லை.

மீட்டரைப் பார்த்தேன்.
இருநூற்று முப்பத்தொன்று.